தம்பியின் நெய்ச்சாதம்

தோழிகளே, அம்மா தூங்கிவிட்டாள். பயந்துகொண்டே எழுதுகிறேன், வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

மஞ்சள்காமாலை வந்த தம்பிக்கு நெய்யும் எண்ணெயும் கூடவே கூடாது என்று கொச்சங்காடி டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்பதில்லை.

"நெய் விடாம சாதம் போட்டா அபசகுனமாக்கும்!" என்று இன்றும் அவன் தட்டில் கரண்டி நிறைய ஊற்றினாள்.

எனக்கு நெய் பிடிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் ரசம் எடுக்கத் திரும்பியதும், தினமும் போலத் தட்டுகளை மாற்றினேன்.

"அக்கா, பப்படமாவது பொரிச்சுத் தருவாளா?"

"கனல்ல சுட்டுத் தரேன்டா. மிண்டாம, சத்தம் காட்டாம சாப்பிடு."

தினமும் தின்று தின்று எனக்கோ இப்போது நெய் வாசனையே நிஜமாகப் பிடிக்காமல் போய்விட்டது.

கை கழுவும்போது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை நெய் விட்டும் அவன் தேறலை. நெய்யே தொடாத நீ எப்படிடீ உருண்டு வரே?"

நாளையும் கேட்பாள். பதில் தோன்றுகிறவர்கள் பள்ளி மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள்.