கதவைப் பிடிச்சுக்கோ

இது எனக்கு நடந்தது. போன மே மாதம், பட்டப்பகலில், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம் பஸ் ஸ்டாப்பில். பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயத்தை விட வெட்கம்தான் அதிகம். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஸ்டாப்புக்குப் பின்னால் காசு போட்டால் திறக்கும் கழிப்பறை ஒன்று இருக்கிறது. முழுக்க இரும்பு. உள்ளே ஆள் இருந்தால் வெளியே சிவப்பு விளக்கு எரியும், காலியென்றால் பச்சை. எங்கள் மீன்காரப் பெண்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தி காசு போடுவாள். அவள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்வாள். அடுத்தவள் ஓசியில் போய்விட்டு வருவாள். ஆனால் பிடித்திருப்பவள் மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் பூட்டிக்கொள்ளும். காசு போடாமல் போனவள் உள்ளே இருப்பது மிஷினுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற பட்டனும் வேலை செய்யாது.

நான் வழக்கமாக வேறு ஸ்டாப்பில்தான் ஏறுவேன். அன்று அங்கே வந்து நின்றபோது மணி 1.20. இரண்டு மணிக்கு இறால் கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட். ஏற்கெனவே இரண்டு முறை பிந்தியிருந்தேன். "ஜெர்லின், இன்னொரு தடவை லேட்டா வந்தா வீட்டுலயே இருந்துக்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. பையைத் துழாவினேன். ஒரு நாணயம் கூட இல்லை. ரோட்டில் ஆள் இல்லை, எதிரே பெட்டிக்கடையும் சாத்தியிருந்தது. நின்ற இடத்திலேயே மானம் போய்விடும் போல இருந்தது.

அப்போது கழிப்பறைக் கதவு திறந்தது. விளக்கு பச்சையில்தான் எரிந்தது...

ஒரு அக்கா வெளியே வந்தாள். மீன்காரி. தலையில் சும்மாடு. சேலை வியர்வையில் ஊறிப் போயிருந்தது.

"காசு இல்லியாளா? போ. நான் பிடிச்சுக்கிடுதேன்."

வெயிலில் கொதித்த இரும்பை வெறுங்கையால் பிடித்திருந்தாள். நகமெல்லாம் உடைந்திருந்தது. மீன் அறுக்கிற கைதானே என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மாதா புண்ணியத்தில் மானம் தப்பியது.

வெளியே வந்ததும் சொன்னாள்.

"இப்ப நீ பிடி. நான் போயிட்டு வந்துருதேன்."

துப்பட்டாவைக் கையில் சுற்றிக் கதவைப் பிடித்தேன்.

1.31.

"அக்கா, முடிஞ்சுதா?"

"இல்லளா. விட்டுறாத."

1.36. உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை. மூச்சு மட்டும்... நாய் இளைப்பது போல.

1.38. திருப்பத்தில் பஸ்.

"அக்கா, எனக்குப் பஸ் வந்துட்டு."

"விட்டுறாதளா..."

விட்டுவிட்டேன்.

டக்.

பஸ்ஸில் ஏறும்போது கேட்டது. டம்... டம்... டம்...

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கதவைப் பிடித்தவளை அடைத்துப்போட்டுவிட்டு ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கேவலமாக இருந்தது.

அடுத்த ஸ்டாப் வரைதான் தாங்கியது. வேலை போனால் போகட்டும் என்று இறங்கினேன். அங்கே ஒரு கடையில் சில்லறை மாற்றிக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன்.

கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. விளக்கே எரியவில்லை.

தட்டினேன். "அக்கா... அக்கா..."

அப்போதுதான் பெட்டிக்கடையைத் திறந்துகொண்டிருந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி வந்தார்.

"ஏளா, யாரைத் தட்டுத? கரண்டைப் பிடுங்கிப் பூட்டிப்போட்டு ரெண்டு மாசம் ஆவுது."

நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"பிளாரன்ஸ்னு ஒரு மீன்காரம்மா. கதவைப் பிடிச்சிருந்த பிள்ளை, பஸ் வந்துட்டுன்னு விட்டுட்டு ஓடிட்டா. வெளிய பச்சை விளக்கு. காலியாக் கிடக்குன்னு ஒருத்தரும் பாக்கல. இந்த வெயிலுல... சாயந்திரம் திறந்தா, கதவு உள்பக்கம் பூரா நகக் கீறல்."

தட்டிய கதவை விட்டு விலகி நின்றேன்.

"உன்னை மாதிரி இன்னும் நாலு பிள்ளைக வந்து சொல்லிட்டாளுவ. எல்லாருக்கும் கதவைப் பிடிக்கா. பொறவு பிடிக்கச் சொல்லுதா."

"யாராச்சும் விடாம நின்னாளுவளா அண்ணாச்சி?"

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் பஸ் வந்துருதுல்லா."