உடைந்தால் புரதம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘உப்பு அக்கா’. பதினொரு வருடமாக ஒரே ஒரு புரதத்தைப் படிகமாக்கப் படாதபாடு பட்டவள். தட்டின் குழிகளில் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு, மூடி, குளிர் அறையில் அடுக்கி, வாரக்கணக்கில் காத்திருப்பாள். ஏதாவது மின்னும். ஓடிப்போய்ப் பார்த்தால் கரைசலில் கலந்த வெறும் உப்பு படிகமாகிப் பல்லிளித்துக்கொண்டிருக்கும்.

அவள் மல்லுக்கட்டிய புரதமும் லேசுப்பட்டதல்ல. முந்நூற்றுப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்த சங்கிலி. எதற்குப் பக்கத்தில் எது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சங்கிலி எங்கே சுருள்கிறது, எங்கே மடங்குகிறது என்று காண, படிகம் வளர்த்து எக்ஸ் கதிர் பாய்ச்ச வேண்டும். பேராசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையோடு இந்தப் புரதத்துக்கு முழுக்கு என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை, நுண்ணோக்கியில் ஒரு படிகம். ஒன்றே ஒன்று. ஆறு பட்டையோடு அப்படி ஓர் அழகு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“இதுவும் உப்பா இருந்தா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

எக்ஸ் கதிர்க்கூடத்தில் முறை வர இரண்டு மாதமாகும். உடனே தெரிய ஒரே வழி, ஊசியால் குத்துவது. உப்பென்றால் கல்லாக நிற்கும். புரதமென்றால் உள்ளே பாதி தண்ணீர்தான், தொட்டதும் பொடிந்துவிடும். ஆக, நல்ல சேதி வந்தால் படிகம் காலி.

“இருக்கறதே ஒண்ணு. விட்டுடுங்கக்கா.”

“பாத்துக்கிட்டே இருந்தா அதுவா வாயத் திறந்து சொல்லுமா?”

ஊசியை இறக்கினாள். தொட்டாள். சத்தமே இல்லாமல் படிகம் நொறுங்கித் தூளானது.

அவள் போட்ட குதியில் சக்கர நாற்காலி உருண்டு சுவரில் முட்டியது. சந்தோஷத்தில் மூச்சு வாங்க, பேராசிரியர் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள்.

“உடைச்சிட்டேன் சார்.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அதே கரைசல்ல எத்தனை தட்டு போடப்போறீங்க?”

“நூறு சார்.”

வராந்தாவுக்கு வந்து, பஸ் ஓட்டும் கணவருக்குப் போன் போட்டாள். நிலையத்தில் வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

“என்னங்க, இருந்த ஒரு படிகத்தையும் உடைச்சிட்டேன்.”

பதினொரு வருடமாக அவளோடு சேர்ந்து காத்திருந்த மனிதருக்கு, கேட்கவேண்டிய கேள்வி தெரிந்திருந்தது.

“எப்படி உடைஞ்சுது?”

“மாவா.”

பதிலுக்குப் பஸ்ஸின் ஹாரன்தான் கேட்டது, பயணிகள் திட்டத் திட்ட, விடாமல்.