கரி மீசை

ஏண்டி, ஜிலேபி வாசனைக்குக் கெழவி ஏன் மூஞ்சியத் திருப்பறான்னு ஒனக்கு எதுக்குடி? தின்னுட்டுப் போக வேண்டியதுதானே! சரி, விடமாட்டே, ஒக்காரு.

செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எனக்கு அப்ப எட்டு வயசு. ஒர்க்‌ஷாப்ல வேலை ஒசந்த அன்னைக்கு அப்பா சூடா ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. பாகு முழங்கை வரைக்கும் வழியுது. அப்பாவுக்குத் தெரியாம அக்கா ஸ்கூல் நாடகத்துல ராஜா வேஷம் போட்டிருந்தா. அந்தக் குஷியில அத நான் நடிச்சுக் காட்டிட்டேன். கரியில மீசை, கரண்டிதான் கத்தி. அப்பா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப இத்தன வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

போன மாசம் அக்காகிட்டயும் சொன்னேன். அவ சிரிக்கல.

"அதுக்கப்புறம் நடந்தது மறந்துடுச்சாடி? 'ஆம்பளைங்க முன்னாடியா ஆடினா?'ன்னு அப்பா கேட்டாரு. நீ 'ஹவ்ப்பா, ஆமா, நெறைய பேரு'ன்னே. மறுநாள்லேர்ந்து எனக்கு ஸ்கூல் நக்கோ, போகவே வேணாம்னுட்டாரு."

சத்தியமா எனக்கு அது ஞாபகமே இல்லடி. ஜிலேபி சுத்தின பேப்பரோட சூடு இன்னும் கையில இருக்கு, அக்கா அழுத மொகம் இல்ல. சந்தோஷமா இருந்த பாதிய மட்டும் பொறுக்கி வெச்சிருக்கு, இந்தத் திருட்டு மனசு.

கிளாஸ்ல மொத ரேங்க் வாங்கினவடி அவ. ஏன் ஸ்கூல் போகலன்னு அக்கம்பக்கத்துல கேட்டப்ப நான் என்ன சொன்னேன்னும் அக்காதான் ஞாபகப்படுத்தினா.

"அவளுக்குப் படிப்பு ஏறல."