ஆறு பட்டை மூங்கில்

ஓடையில் வாரக்கணக்கில் ஊறிய மூங்கிலை வெளியே இழுக்கும்போது ஒரு நாற்றம் அடிக்கும். கழுவாமல் மூடிவைத்த கஞ்சிப் பானையை மறந்துபோய்த் திறந்தால் எப்படியோ அப்படி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் அதற்காக யாரும் மூக்கைப் பிடித்ததில்லை. பச்சை மூங்கிலில் இருக்கும் இனிப்புச் சாறு தண்ணீரோடு போக வேண்டும், போகாவிட்டால் பூச்சி துளைத்து மாவாக உதிர்த்துவிடும் என்பதால், கூரைக்கானாலும் கூடைக்கானாலும் மூங்கிலை முதலில் ஓடையில் கிடத்தி மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். "தண்ணியில போட்டாச்சா?" என்றால் அந்த மூங்கிலை இனி நம்பலாமா என்று பொருள். எந்த மூங்கிலுக்கும் தண்ணீர் நல்லதுதான் என்று நானும் பத்து வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போனது ஒரு மீன்பிடிக் கோலால்.

அப்பா அப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். போளூருக்கும் மலைக்கும் நடுவே புளி மூட்டை, சாமை மூட்டை, ஆட்கள், சில நாள் ஆடுகள் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் அடிக்கடி மலைக்கு வந்து தங்குவார்; அப்பாவின் ஜீப்பில்தான் சுற்றுவார். அவர் வீட்டைக் காலிசெய்து மகனோடு வெளிநாடு போகும்போது அப்பாவைக் கூப்பிட்டு, அறை அறையாகத் தைத்த நீளமான துணிப்பை ஒன்றைக் கொடுத்தாராம். "மீன் பிடிக்கிற கோல். என் மாமனாருக்கு யாரோ வெள்ளைக்காரர் கொடுத்தது. நான் தொட்டதே இல்ல. மூங்கில்தானே, உன்கிட்ட இருக்கட்டும்" என்றாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பைக்குள் நான்கு துண்டுகள். அடித்துண்டில் தக்கையால் ஆன கைப்பிடி. அதில் முன்பு பிடித்தவர் யாரோ கட்டைவிரல் வைத்து வைத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றை ஒன்றில் செருக வெள்ளை உலோகக் குழல்கள். நுனித்துண்டுகள் இரண்டு, ஒன்று போல் இருந்தன. பாவாடை நாடா கோக்கும் ஊசியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். சாண் இடைவெளிக்கு ஒரு கம்பி வளையம் வைத்து, சிவப்பும் பச்சையுமாகப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். ஒரு நுனி உபரி, மற்ற மூன்றையும் செருகினால் ஒன்பது அடி இருக்கும், எடையோ ஒரு கட்டுக் கீரை அளவுதான். அப்பா ஓய்வான நாட்களில் வாசலில் நின்று அதை முன்னும் பின்னும் வீசிப் பார்ப்பார். தூண்டில் நரம்பும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் கோல். அது காற்றில் வளைந்து நிமிரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

"இன்னா மச்சான், கொசு ஓட்டுறியா?" என்பார் அடுத்த வீட்டுச் சின்னப்பன் மாமா.

கூடை முடைவதில் அவர் கைக்காரர். கேலி செய்துவிட்டு, கோலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கோல் உருண்டையாக இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஆறு பக்கம். "எந்தக் காட்டுல ஆறு பட்டையா மூங்கில் மொளைக்குது, சொல்லு பாப்போம்" என்று அப்பாவை மடக்குவார். இழைத்திருப்பார்கள் என்றாள் அம்மா. இழைத்தால் மேல்தோல் போயிருக்க வேண்டுமே, ஆறு பக்கமும் மூங்கிலின் தோல் பளபளவென்று அப்படியே இருக்கிறதே என்றார் மாமா. முளைக்கும்போதே ஆறு பட்டைக் குழாயை மாட்டி வளர்த்திருப்பார்கள் என்றார் அப்பா. அதற்கும் மாமா விடவில்லை. மூங்கிலின் கணு சுற்றிலும் ஒரே மட்டத்தில் வளையமாக ஓடும். இதில் ஒரு பக்கத்துக் கணு ஓரிடத்திலும் அடுத்த பக்கத்துக் கணு இரண்டு விரற்கடை தள்ளியும் இருந்தது. மூங்கிலிலேயே பிறந்து வளர்ந்த ஊருக்கு அது விளங்கவே இல்லை. உள்ளே ஓட்டை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. "ஒரு தபா கத்தி வெச்சுப் பாத்துடலாமா?" என்று மாமா கேட்டால், அப்பா கோலை வாங்கிப் பைக்குள் வைத்துவிடுவார். அவருக்கும் உள்ளே பார்க்க ஆசைதான், கை வரவில்லை.

மலையேற வந்த ஒரு பையன் ஜீப்பில் வரும்போது அப்பாவிடம் இதைக் கேள்விப்பட்டு, வீட்டுக்கே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். இப்படிப் பழைய கோல்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். சில மாதம் கழித்து பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மழைக்கு முன் வந்து பார்க்கிறேன், யார் செய்தது, எந்தக் காலத்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன், அதுவரை துடைக்கக்கூடச் செய்யாதீர்கள் என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோலை விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை. தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்த ஒரு மனிதர் வருகிறார், அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஜீப்பில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவர் வர ஒரு வாரம்போல இருக்கும்போது, அம்மா பரணைத் துடைக்கையில் துணிப்பையின் மேல் மஞ்சளாக மாவு படிந்திருந்ததைப் பார்த்தாள். மூங்கில் பூச்சியின் மாவு. அதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ அதை அம்மாவும் செய்தாள். நான்கு துண்டுகளையும் ஓடைக்கு எடுத்துப்போய், நீரோட்டத்தில் கிடத்தி, அடித்துக்கொண்டு போகாமல் மேலே தட்டைக் கற்களாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். பையையும் துவைத்துக் காயப்போட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை; புளி ஏற்றும் காலம், அவர் வந்து விழுவதும் விடிவதற்குள் கிளம்புவதுமாக இருந்தார். அவரை ஏன் பதற வைக்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

பெங்களூர்க்காரர் வருகிற அன்று காலையில் அப்பா பரணில் கைவிட்டார்.

"கோல் எங்கமே?"

"ஓடையில கீது. பூச்சி உழுந்துட்சி. அதான் தண்ணியில போட்டேன்."

அப்பா செருப்பில்லாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் கோலைத் தூக்கியபோது, முற்றிக் காய்ந்த வெண்டைக்காய் வரிவரியாக வெடித்துக்கொள்ளுமே, அப்படி நூல்சுற்றுக்கு நூல்சுற்று நடுவே அது பிளந்து வாய் திறந்திருந்தது. ஒரு நுனித்துண்டு கையோடு வந்தது. மறு நுனியின் பட்டைகள் ஓடையோடு போய்விட்டிருந்தன. அம்மா கரையில் வந்து நின்றாள். "அந்தாளு வர்றதுக்குள்ள பொடியாப் பூடுமேன்னுதாங்க..." என்றாள். அப்பா திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் பிளந்த பட்டைகளைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். வரவேண்டாம் என்று சொல்ல அவர் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி போன் போட்டுப் பார்த்தார். வண்டி அதற்குள் மலையேற ஆரம்பித்திருந்தது.

வந்தவர் ஒல்லியான, பெரிய கண்ணாடி போட்ட மனிதர். பாயில் விரித்துவைத்த பட்டைகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தார். ஊரில் பாதிப்பேர் வாசலில். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் பார்த்தார்.

"போச்சுங்க" என்றார் கடைசியில். "நாங்க பழைய வார்னிஷைக்கூட மாத்த மாட்டோம். நூல் ஒண்ணு மாறினாலே மதிப்பு பாதி. ரெண்டு நுனியும் ஒரே நீளத்துல இருக்கான்னு அளந்து பாப்போம். இதை நான் முழுசா பாத்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "பூச்சி எந்த எடத்துல உழுந்திருக்குங்க?"

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒரு துளைகூட இல்லைங்களே அம்மா" என்றார். சின்னப்பன் மாமா எழுந்துபோய்ப் பரணில் பார்த்தார். மாவு உதிர்த்தது கோலுக்கு மேலே தொங்கிய பழைய கூடை. அதை முடைந்தவர் அவரேதான். கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் கொஞ்சநேரம் உள்ளே வரவே இல்லை.

அப்பா அதுவரை ஒரு பட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதன் குறுக்குவெட்டு முக்கோணம். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் சேர்த்தார், பிறகு இன்னொன்று. ஆறும் சேர்ந்ததும் நடுவில் துளிகூட இடைவெளி இல்லாமல் ஒரே கோலாயிற்று. "அட, ஒரே மூங்கிலு இல்ல! ஆறு சிம்பு. பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கான். கணு ஒண்ணுமேல ஒண்ணு வந்தா அங்க ஒடையும்னு தள்ளித் தள்ளி வெச்சிருக்கான், பாரேன்!" அவர் குரலில் இருந்தது சந்தோஷம். அந்த நேரத்தில் அது எனக்கே விசித்திரமாக இருந்தது. பெங்களூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை துக்க வீட்டில் போல இருந்தவர் அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

ஒரு காலத்தில் கனத்த மரத்தில் கோல் செய்தார்களாம். மூங்கிலைச் சிம்பாக வகிர்ந்து ஒட்டலாம் என்று முதலில் கண்டவர் அமெரிக்காவில் துப்பாக்கி செய்த ஒருவர் என்று ஒரு கூட்டம் சொல்கிறதாம். இல்லை, அதற்கும் முன்பே இங்கிலாந்தில் என்று இன்னொரு கூட்டம் சண்டை போடுகிறதாம். மூங்கில் மட்டும் கல்கத்தாவிலிருந்து கப்பலில் போயிருக்கிறது. அங்கங்கே தீயில் சுட்ட தழும்போடு வருமாம் அந்த மூங்கில், ஏன் சுட்டார்கள் என்று வாங்கியவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு சீனத்து மூங்கில் வந்தது, அதற்கும் பிறகு ஃபைபர் கிளாஸ் என்னும் கண்ணாடி நாரில் கோல் வந்து மூங்கிலை ஓரம் கட்டியது. தன்னிடம் முப்பதுக்கு மேல் இருக்கிறது என்றார். நம் நாட்டு மூங்கில் அந்த நாட்டுக்குப் போய், பட்டுநூல் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறதா என்று நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தினி கோல்லயும் இன்னா மீன் புடிச்சீங்க சார்?" என்றார் உள்ளே வந்துவிட்ட சின்னப்பன் மாமா.

"மீனா? நான் பிடிச்சதில்லைங்க."

"அப்ப இன்னாத்துக்கு சார்?"

"பாக்கறதுக்குத்தான்" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. வாசலே சிரித்தது. அவரும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஒட்ட முடியும், மாதங்கள் ஆகும், முன்போல மதிப்பு வராது, ஆனால் வளைந்து நிமிரும், கொண்டுபோகட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், ஆறு சிம்பும் தனித்தனியாக இருந்தால்தான் எல்லாருக்கும் காட்ட முடியும் என்றார் அப்பா. அப்போது அம்மா அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"நீங்க எல்லாருக்கும் காட்டுவீங்க. காட்டும்போதெல்லாம் நான் செஞ்சதையும் சேத்துத்தானே காட்டுவீங்க? அது இந்த வூட்ல கெடந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க."

அப்பா வெளியே வந்து, பட்டைகளைப் பிரிந்தது பிரிந்தபடி பழைய துணிப்பையில் வைத்து, நாடாவைக் கட்டி, பெங்களூர்க்காரரிடம் கொடுத்தார். அவர் ஏதோ பணம் கொடுக்க வந்ததை அப்பா வாங்கவில்லை. "ஒட்டிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், அது போதும்" என்றார். அந்த வார்த்தை வரவே இல்லை. ஒரு முறை அப்பா கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்துட்டேன்" என்பதோடு அவருக்கு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு கூடையை ஓடையில் போடுவதென்றாலும் "போடட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்கும் அம்மாவை நான் பத்து வயதுவரை பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

இப்போது நான் கலசப்பாக்கத்தில் இருக்கிறேன், இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு. வெந்நீரை ஆறவைத்தது போதுமா, மூக்கொழுகும்போது தலைக்கு ஊற்றலாமா, ஊற்றியது தப்போ என்று நாள் முழுவதும் எனக்குள் ஒரு விசாரணை நடக்கிறது. நல்லது என்று நினைத்துச் செய்வது எந்த இடத்தில் கெடுதலாக மாறும் என்று முன்கூட்டியே தெரிய வழியுண்டா என்று படித்துப் பார்க்கிறேன், புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கின்றன. அம்மாவுக்குப் போன் செய்தால், "டாக்டரைக் கேளும்மா, என்னைக் கேக்காத" என்கிறாள்.

ஊரில் அந்த ஓடையின் குறுக்கே தடுப்பணை வந்துவிட்டது. கரை மூங்கில்கள் ஒரே வருடத்தில் பூத்துக் காய்ந்தன. கூடைகள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. தண்ணீரில் போட அங்கே எதுவும் இல்லை. கோல்களோ உலகமெங்கும் இருக்கின்றன. குழந்தை மதியம் தூங்கும்போது நான் போனில் அவற்றைத் தேடுகிறேன். சேர்ப்பவர்கள் தங்கள் கோல்களைப் படம்படமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள், எத்தனை கணு, என்ன நூல், எந்த வருடம் ஒட்டிச் சரிசெய்தது என்றெல்லாம் எழுதி. சிவப்பும் பச்சையுமான நூலும், கட்டைவிரல் பள்ளம் விழுந்த தக்கையும் உள்ள கோல் ஒன்றைப் போன வாரம் பார்த்துவிட்டேன். நுனித்துண்டு ஒன்றுதான் இருக்கிறது என்று வேறு எழுதியிருந்தது. படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டேன். பிறகு வழக்கம்போலச் சந்தேகம். இப்படி எத்தனை கோல்கள் இருக்கும், தப்பாகச் சொல்லி ஆசை காட்டிவிட்டால்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, பேத்தியைப் பார்க்க வந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

அம்மா போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, அடியிலிருந்து நுனிவரை நகர்த்திப் பார்த்தாள். குழந்தை எழுந்து மடியில் ஏறியும் கண்ணை எடுக்கவில்லை.

"இது அது இல்ல" என்றாள்.

"எப்படிம்மா சொல்ற? நூல் அதேதானே?"

"நூலு இன்னாவா இருந்தா இன்னா? இது தண்ணியே பாக்காத மூங்கிலு. தண்ணியில கெடந்து காஞ்சது எனக்குத் தெரியாதா?"

யாரையும் கேட்காமல், ஒரு நொடி தயங்காமல் சொன்னாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"இவளை நான் பாத்துக்கறேன். நீ இன்னும் தேடு."