சூடாக அரை நிமிடம்

ஆர்.கே.பேட்டையில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. "கிட்டார் சத்தம் கீபோர்டுலயே வருது. இன்னிக்குப் பாத்துட்டுதான் உன்ன வெச்சிக்கிறதான்னு சொல்லுவேன்" என்று கிட்டார் வாசிக்கும் என்னிடம் சொல்லியிருந்தார் குழுத் தலைவர்.

நான் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபையர் இரண்டைத் தூக்கிப் போனேன். தெளிவான சத்தத்துக்கு ஒன்று, லீடு என்கிற அலறும் தனி வாசிப்புக்கு ஒன்று. பக்கத்து விசைத்தறிகளால் வோல்டேஜ் தள்ளாடியதால் இரண்டாவதை அணைத்தே வைத்திருந்தேன்.

லீடு வாசிக்கும் இடம் வந்ததும் அதன் சுவிட்சைத் தட்டி, கம்பிகளை மீட்டினேன். சத்தமே இல்லை. "முருகா, மொட்டை போடறேன்!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன்.

"கீறதே நாலு முடி, அதையுமா வேண்டிக்கினே?" என்றார் தபேலாக்காரர்.

வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும் என்பதையே பயத்தில் மறந்திருந்தேன். லீடு இடம் தாண்டி, பாடகி சரணத்தில் உருகும்போதுதான், விடாமல் மீட்டிக்கொண்டிருந்த என் கிட்டார் அதில் அலறியது.

"கீபோர்டே போதும்பா" என்றார் தலைவர்.

"போதாது தலைவரே. இப்பதான் சூடாகிக்கீது" என்று அடுத்த மூன்று பாட்டுக்கும் லீடு வாசித்தேன்.

இன்றுவரை அவர் என்னை அனுப்பவில்லை. பயந்தது உண்மைதான், ஆனாலும் மேடையைவிட்டு இறங்கவில்லையே!