ஸ்வெட்டருக்கு மேலே எடுத்த அளவு

எங்கள் தொழிலில் பொருளின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "அது இருக்குங்களா?" என்று கேட்பார்கள், நாங்களும் "எந்த சைஸுங்க?" என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.

குன்னூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பெண்கள் உள்ளாடைப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறேன். இரண்டு பிள்ளை பெற்றவள். சின்னவன் பிறந்ததிலிருந்து, அதாவது ஆறு வருடமாக, எனக்குத் தோள்வலி. தைலம் தடவியாயிற்று, மாத்திரை விழுங்கியாயிற்று, டாக்டர் சொன்னார் என்று தலையணையைக்கூட மாற்றியாயிற்று. பிள்ளை பெற்ற பிறகு உடம்புக்குச் சேருகிற பிரா ஒன்றைத் தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதில்லை. அலையாதவர்கள், முக்கியமாக ஆண்கள், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

குளிருக்கு நடுவே டேப்

கோயம்புத்தூர்க்காரிகளுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. இங்கே கடைக்குள் வந்து ஸ்வெட்டரைக் கழற்றுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. ஸ்வெட்டருக்குள்ளே புடவை, அதற்குள்ளே ரவிக்கை, சிலருக்கு அதற்கும் உள்ளே வீட்டுக்காரரின் பழைய பனியன். இத்தனைக்கும் மேலே டேப்பைச் சுற்றி, மனக்கணக்காக இரண்டு இஞ்ச் கழித்து ஒரு சைஸ் சொல்வேன். சொல்லும்போது குரலில் நடுக்கம் தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற மரகதத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். மூன்று பிள்ளைக்காரி. அவள் அன்று போட்டிருந்தது அவளே பின்னிய தடிமனான ஸ்வெட்டர். என் கணக்கு தப்பிவிட்டது. அடுத்த வாரம் திரும்பி வந்து, வாங்கிப்போன பிராவுக்குள் தன் கடைக்குட்டியையும் சேர்த்து உட்கார வைக்கலாம் என்றாள். என் தலைக்கு மேலே "உள்ளாடைகள் மாற்றித் தரப்படமாட்டாது" என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை ஒருமுறை படித்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், போய்விட்டாள்.

அன்றைக்கே முதலாளியிடம் போனேன். கீழே ஆண்கள் பிரிவில் பேன்ட் போட்டுப் பார்க்க கண்ணாடி, தாழ்ப்பாள், உட்கார ஸ்டூல் எல்லாம் வைத்து இரண்டு அறை இருக்கிறது. எங்களுக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். எத்தனையாவது தடவையோ தெரியாது. அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்: "அதெல்லாம் போட்டுப் பார்த்து வாங்கற பொருளாம்மா?"

அரை மில்லிமீட்டர்

ஒருவர் வந்தார். தொழிற்சாலையில் மெஷின் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் அந்தப் பாகத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவோம் என்று, நான் கேட்காமலே பெருமையாகச் சொன்னார். மனைவிக்கு இரண்டாவது பிரசவமாகி மூன்று மாதம், கடைக்கு வர முடியவில்லையாம். அக்கறையான மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. என்ன சைஸ் என்றேன். இரண்டு கைகளையும் தூக்கி எதையோ காட்ட ஆரம்பித்து, பக்கத்தில் பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுக்கொண்டார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்தார். அரக்குப் பட்டு, கல்யாண ரவிக்கை. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு குழந்தைக்கு அப்புறம் இந்த அளவு இருக்காதுங்க என்றேன். அவருடைய சட்டையிலேயே வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் எப்போது கழன்று ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும், நான் அவர் மனைவியைப் பற்றி ஏதோ தப்பாகப் பேசிவிட்டது போல முகம் சிவந்துவிட்டது: "அவ மாறவே இல்லீங்க, அன்னைக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்கா!"

ஹாலில் காய்வது

மேல்நிலைப்பள்ளி டீச்சர் ஒருவர் வீட்டிலேயே, அதுவும் ஸ்வெட்டர் இல்லாமல், அளவு எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. 38 எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் முகம் வாடிப் போயிற்று. குழந்தைக்கு முன்னால் 34 போட்டாராம். பரீட்சையில் இவருக்கு யாரோ மார்க் குறைத்துவிட்ட மாதிரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்கில் வெயில் வராது. துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் காயாது, பூஞ்சை நாற்றம்தான் வரும். ஹாலில் கரி அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் காயும். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சைஸ் போட்ட லேபிளை வெட்டி விட்டுருங்க, எங்க நாத்தனார் பேப்பர் படிக்கற மாதிரி படிக்கறாங்க."

வல்லுநர் வருகை

ஒரு கம்பெனியிலிருந்து தாய்மார்களுக்கான புது ரகத்தை விளக்க ஒருவர் வந்தார். டை கட்டிய இளைஞர். அட்டைப்பெட்டியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வேளை சாப்பிட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த முகம். அந்தக் குழந்தை அவளுடையதாக இருக்க வழியே இல்லை. நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் போட்டிருப்பதே தெரியாது, தோளில் அழுத்தாது, கொக்கி குத்தாது என்று அரை மணி நேரம் பேசினார்.

அவர் போன வருடம் கொண்டுவந்ததும் இதே போல, போட்டிருப்பதே தெரியாத ரகம்தான். விற்காமல் தங்கிய 34 சைஸ் பெட்டிகளை முதலாளி தீபாவளிக்கு எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். வருடா வருடம் அப்படித்தான். கல்யாணத்தின்போது நான் 34. அதனால் மறுபேச்சு பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கிற ஸ்டெல்லாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கைகட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "ஏனுங்க சார், நீங்க எத்தனை நாள் போட்டுப் பார்த்தீங்க?"

ஆண்கள் மட்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரகதம் மறுபடி வந்தாள். முதலாளி ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் இறங்கியிருந்தார். "மாத்தித் தர வேண்டாங்க. ஒழுங்கா அளவு எடுங்க, போதும். குனிஞ்சா இது ஏறுது. ஒரு கை கொழுந்துல, ஒரு கை இதை இழுத்து விடறதுல இருக்குது. எனக்கு ரெண்டு கையும் வேணும்ங்க" என்றாள். கேட்டுக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளைக் கீழே கூட்டிப்போய், ஆண்கள் என்று எழுதியிருந்த அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். வெளியே ஸ்டெல்லா காவல்.

ஸ்வெட்டர் இல்லாமல் அளவு எடுத்ததும் 36 என்று தெரிந்தது. அவ்வளவுதான் வேலை, இரண்டு நிமிடம். டேப்பைச் சுருட்டப் போனபோது மரகதம் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நானும் மூணு தடவையா பார்க்கறேன். உங்க கை எந்நேரமும் தோள்லயே இருக்குது. கழட்டுங்க ஸ்வெட்டரை." சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. கழற்றினேன். பட்டை அழுந்தி இரண்டு தோளிலும் கறுத்துப்போய்ப் பள்ளம். அதில் விரலை வைத்துப் பார்த்தவள், "கூடை சுமக்கறது நானுங்களா, நீங்களா?" என்றாள்.

என் அளவு 38. ஸ்டெல்லா மேலே ஓடிப்போய் ஒன்று எடுத்துவந்து கதவிடுக்கு வழியாகக் கொடுத்தாள். போட்டுக் கொக்கியை மாட்டினேன். மூச்சை முழுதாக இழுத்தேன். ஆறு வருடமாகப் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வலி விட்டதற்கு அழுதேனா, கல்யாண ரவிக்கை கொண்டுவந்த அந்த மனிதரைப் பார்த்து மனதுக்குள் சிரித்த என்னை நினைத்து அழுதேனா தெரியவில்லை. கோபம் மட்டும் நன்றாகவே வந்தது. மரகதம் என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த அறையிலும் ஆள் இருந்ததால், அப்போது வெளியே யாரோ ஒருவர், கையில் இருந்த பேன்ட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று சத்தம் போட்டார். ஸ்டெல்லா அவருக்கு எங்கள் பிரிவின் சட்டத்தை மிகவும் பணிவாக எடுத்துச் சொன்னது உள்ளே கேட்டது: "ஊட்டுக்குப் போயி போட்டுப் பாருங்க சார், சேரலைன்னா மாத்தித் தர மாட்டோம்."

பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் அளவு எடுத்த நான், ஆறு வருடமாகத் தலையணையின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ஆண்கள் அறைக்குள் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.