அண்ணி கட்டின சுவர்

என் நாத்தனாருக்கு இந்தத் தெரு வைத்த பேர் மட்டக்கயிறு. செங்கல் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் இழுத்துக் கட்டுவாரே, அந்தக் கயிறு. அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். வேலிச் செடியை வெட்டுவதற்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு கட்டி, நாலு அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். பிறகுதான் கத்தரியைத் தொடுவாள்.

இவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும். யார் மேல் கோபம் என்று கடைசியில் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து நின்றாள். அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். "வருவான், பொறு" என்றார் என் மாமியார். "வந்தா கதவைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு கட்டு வேலிச்செடிக் குச்சி கொண்டுவந்தாள். எங்கள் முற்றத்துக்கும் பக்கத்து மனைக்கும் நடுவில் வரிசையாக ஊன்றினாள். நாற்பத்தொரு குச்சி. அப்போது எனக்கு வயசு இருபது, வாய் எட்டு ஊருக்கு.

"குச்சி நட்டா குடும்பம் நடக்குமா?" என்று கேட்டேன்.

அவள் மண்ணை மிதித்துக்கொண்டே சொன்னாள்: "குடும்பம் நடத்திப் பார்த்தாச்சு அண்ணி. இப்போ குச்சி நட்டுப் பார்க்கிறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் தோட்ட வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருஷம் செய்தாள். அவளோடு ஆறு ஆண்கள். மோட்டார் வைத்த வெட்டும் மிஷின் வந்தபோது அது அவர்களுக்குத்தான். இவளுக்குத் துருப்பிடித்த கைக்கத்தரி. "பொம்பளை கையில மிஷின் கொடுத்தா விரல் போயிடும்" என்றானாம் மேஸ்திரி. விரல் போனது அவனுக்குத்தான், இடது கையில் ஒன்று. அந்த ஆறு பேர் வெட்டிய வேலி இரண்டு வருஷத்தில் அடியில் மொட்டை, மேலே கொண்டை. இவள் வெட்டியது தரை வரைக்கும் இலை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வேலி பாவாடை மாதிரி கீழே விரிஞ்சு இருக்கணும். குடை மாதிரி மேலே விரிஞ்சா அடியில வெயில் படாது, செத்துப் போயிடும்." ஓய்வு கொடுத்த அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அது முதல் நாளிலிருந்தே பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது. இருபத்தெட்டு வருஷத்துக்கு அதுதான்!

இப்படி ஊர் வேலியெல்லாம் மட்டமாக வெட்டியவள், சொந்த வீட்டு வேலியைத் தொட்டதே இல்லை. அது ஆள் உயரத்தைத் தாண்டி, கூரை ஓட்டைத் தடவி, முற்றத்தில் பாதியை விழுங்கிவிட்டது. துணி காயப்போட இடம் இல்லை. நான் கத்தாத நாள் கிடையாது. என் வீட்டுக்காரர் போய்ச் சேரும் வரைக்கும், "தங்கச்சி விஷயத்துல தலையிடாதே" என்று ஒதுங்கிக்கொண்டார். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் முடி வெட்டுற, உன் வீட்டுப் பிள்ளை பரட்டைத் தலையா நிக்குதே, கண்ணுக்குத் தெரியலையா?"

"அங்க சம்பளத்துக்கு வெட்டுறேன் அண்ணி. ஒவ்வொரு இலையும் நான் சொன்ன இடத்துல நிக்கணும். இது ஒண்ணாவது அது இஷ்டத்துக்கு வளரட்டுமே."

முணுமுணுத்துக்கொண்டே துணியை வாசல் திண்ணையில் காயப்போட்டேன்.

பக்கத்து மனையில் வக்கீல் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் வினை. வேலி அவர் பக்கம் இரண்டு முழம் புகுந்திருந்தது. கார் உரசுகிறது என்றார். அளந்து காட்டினார், எங்கள் வாயை அடைத்தார். "பெரியம்மா, வேரோட பிடுங்கிட்டுச் சுவர் கட்டிக்கிறேன். செலவு என்னோடது" என்றார், ஏதோ தானம் செய்கிற மாதிரி.

நாத்தனார் வெளியே வந்தாள். வேலி ஓரமாக ஒரு நடை நடந்தாள். அடிமரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"வக்கீல் சார், எனக்கு ரெண்டு வருஷம் கொடுங்க. கோட்டுக்குள்ள கொண்டுவந்து பச்சையா நிறுத்தித் தரேன்."

"ரெண்டு வருஷமா? ஒரு செடியை வெட்ட?"

"வெட்ட ஒரு நாள் போதும். பிழைக்கத்தான் ரெண்டு வருஷம்."

பேசிப் பேசி ஒரு வருஷத்தில் வந்து நின்றது. அடுத்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது வேலி கோட்டுக்குள் இருக்க வேண்டும், அவர் பக்கம் அடி முதல் நுனி வரை பச்சையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர். அவள் சரி என்றாள். அன்று ராத்திரி அவள் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தாள். அப்போதுதான் அந்த நாற்பத்தொரு குச்சி அவளுக்கு என்ன என்று எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் அவளுடையது என்று வேறு என்ன இருக்கிறது? அந்தத் தகரப் பெட்டியும், பின் ஓடுகிற கடிகாரமும்தான்.

இந்த வருஷத்து முதல் மழை விழுந்ததும் வக்கீல் பக்கத்தை அடிமரம் தெரிய வெட்டினாள். அறுபது வயது தாண்டியவள், கைரம்பத்தால் எட்டு நாள். எங்கள் பக்கத்தைத் தொடவில்லை. ஒரு பக்கம் எலும்புக்கூடு, மறுபக்கம் காடு. தெருவே சிரித்தது. "என்ன பெரியம்மா, அரைத்தலை சிரைச்ச மாதிரி நிக்குதே, நாவிதர் பாதியில ஓடிட்டாரா?" என்று வக்கீலே மாடியிலிருந்து கேட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"இந்தப் பக்கத்தையும் வெட்டித் தொலையேன்!"

"இது அடுத்த வருஷத்துக்கு அண்ணி. இப்போ இந்தப் பக்கத்து இலைதான் அந்தப் பக்கத்துக்குச் சோறு போடுது."

இதை அவள் ஒரு தடவை சொல்லவில்லை, நாலு தடவை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கிழக்கு என்றால் நான் மேற்கு என்றே பழகிய வீடு இது.

நாலு மாதத்தில் வக்கீல் பக்கம் சாண் நீளத்துக்குத் துளிர் விட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் போனாள். சர்க்கரை இருந்ததால் நாலு நாள் படுக்கவைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று இப்போது சொல்ல வாய் கூசுகிறது. புதுக் கண்ணோடு வருகிறவள் முழுசாக முடிந்த வேலையைப் பார்க்கட்டுமே, வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு இன்னொரு எட்டு நாள் ரம்பம் பிடிக்க வேண்டாமே என்று நினைத்தேன். என் மகனைக் கூப்பிட்டேன்.

"அத்தை திட்டுவாங்கம்மா" என்றான்.

"நான் பார்த்துக்கிறேன். ஆளைக் கூப்பிடு."

மிஷின்காரன் வந்தான். கொளுத்துகிற வெயிலில் ஒரே காலையில் எங்கள் பக்கம் முழுக்க அடிமரம் வரை மழித்துவிட்டான். போகிறபோது, வக்கீல் பக்கத்துத் துளிரையும் "லெவல் பண்ணிட்டேம்மா" என்றான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு கை வச்சது?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். உனக்கு வேலை மிச்சம்னு..."

"மிச்சம்தான். இனிமே வேலையே இல்லை."

உள்ளே போகப் போனவள் திரும்பினாள். நாற்பது வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "ரெண்டு கையையும் வெட்டிட்டு, இந்தா சோறு, எடுத்துச் சாப்பிடுன்னு சொல்வீங்களா அண்ணி? அதைத்தான் செஞ்சிருக்கீங்க. எது எடுத்து ஊட்டும் அதுக்கு? எங்க இருக்கு ஒரு இலை?"

நானும் விடவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்த பிறகு வருகிற கோபத்துக்கு எல்லை கிடையாது. "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்! எந்த நேரமும் மௌன சாமியார் மாதிரி இருந்தா யாருக்கு என்ன புரியும்?" என்று கத்தினேன். என் மகன் மெல்ல நழுவி வேலைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் காலை, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு நீளக் குச்சி. டாக்டர் ஒரு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தூசு படக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"ரம்பத்தை எடுங்க அண்ணி."

"நானா?"

"வேற யாரு? மிஷின் வெட்டுன முனையெல்லாம் நார் நாரா கிழிஞ்சிருக்கு. அப்படியே விட்டா அழுகும். ஒவ்வொண்ணையும் சாய்வா, சுத்தமா அறுங்க."

நான் அறுத்தேன். முதல் முனையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இது வெட்டு இல்லை, கடி. எலி இதைவிட நல்லா கடிக்கும்."

"வா, நீயே வந்து வெட்டு."

"டாக்டர் குனியக் கூடாதுன்னாரு."

"பேசக் கூடாதுன்னு சொல்லலையா அந்த டாக்டர்?"

சொல்லவில்லையாம். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் குச்சியை நீட்டி நீட்டித் திட்டினாள். நாற்பது வருஷத்துக்குச் சேர்த்துவைத்திருந்தாள் போல. முனைகளை அறுத்தேன். வெயில் சுடாமலிருக்க அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினேன். வரிசை முழுக்கக் கம்பு நட்டுச் சாக்குத் தொங்கவிட்டேன். வேரில் மக்கின குப்பை போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என் உள்ளங்கை தோல் உரிந்தது. "காட்டுங்க" என்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் தந்த களிம்பை எடுத்து அவளே தடவிவிட்டாள். தடவிக்கொண்டே, "நாளைக்கு அந்தக் கோடியில இருந்து ஆரம்பிங்க" என்றாள்.

தினமும் காலையில் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் போயிற்று. இருபத்து மூன்றாம் நாள், நடுவில் ஒரு தூரில் கடுகு மாதிரி ஒன்று புடைத்திருந்தது. அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய், அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன்.

"ஒண்ணு" என்றாள். "இன்னும் நாற்பது இருக்கு."

கெடு வைத்த மழை வந்த அன்று முப்பத்திரண்டு தூர் இரண்டு பக்கமும் தழைத்து நின்றன. பின்கோடியில் ஒன்பது வரவே இல்லை. மிஷின்காரன் அங்கேதான் வேலையை ஆரம்பித்தான். ரொம்பத் தாழ்த்தி வெட்டியிருந்தான், மேற்கு வெயில் வேறு.

வக்கீல் சொன்ன சொல் தவறாமல் கொத்தனாரோடு வந்து நின்றார். "பச்சையா இருக்கணும்னு பேச்சு. இதுல ஒன்பது கட்டை."

"ரெண்டு வருஷம் கொடுங்க. கிளையை வளைச்சுப் பதியன் போட்டு அடைச்சிடலாம்" என்றாள் அவள்.

"பேச்சுன்னா பேச்சு."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? "கறுப்புக் கோட்டுப் போட்டவனுக்குக் கார்தான் பிள்ளை, செடி என்ன தெரியும்" என்று ஆரம்பித்து, அவர் அப்பாவரைக்கும் போய்விட்டேன். அவர் முகம் கறுத்தது. "சரி, அப்போ மொத்தத்தையும் எடுத்துடறேன். கொத்தனாரே, இந்தக் கோடியில இருந்து கயிறு கட்டு."

நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

"வக்கீல் சார், உயிரோட இருக்கிற முப்பத்திரண்டும் என்னோடது. அது கோட்டுக்குள்ள இருக்கு, பச்சையா இருக்கு. நான் சொன்ன சொல்லு அங்க நிக்குது. செத்த ஒன்பது எங்க அண்ணியோடது. அங்க சுவர் கட்டிக்கோங்க."

அவர் அந்தப் பச்சை வரிசையோரம் ஒரு நடை நடந்து பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "பின்கோடியில மட்டும் கட்டு" என்றார்.

மூன்று நாளில் சுவர் எழும்பியது. நாலாம் நாள் காலை அவள் தன் கயிற்றை எடுத்து வேலி நுனியிலிருந்து சுவர்க்கோடி வரை இழுத்துக் கட்டினாள். நாலு அடி தள்ளி நின்று பழைய கண்ணை மூடிப் புதுக் கண்ணால் பார்த்தாள்.

"சார், உங்க சுவர் மட்டம் இல்லை. அந்தக் கோடி ரெண்டு விரல் தூக்கல்."

கொத்தனார் எகிறினார். வக்கீல் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு விரல் தூக்கல்தான். மேல் வரிசையை உடைத்து மறுபடியும் கட்டவைத்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இப்போது வேலியின் கடைசித் தூரிலிருந்து ஒரு கிளையை வளைத்து, எங்கள் பக்கச் சுவரடியில் பதியன் போட்டிருக்கிறாள். "தண்ணி மட்டும் ஊத்துங்க அண்ணி. கத்தரியைத் தொட்டா கை இருக்காது" என்று உத்தரவு. ஊற்றுகிறேன். யாராவது வழி கேட்டு வந்தால், "அண்ணி கட்டின சுவர் தெரியுதா, அந்த வீடு" என்று வேண்டுமென்றே என் காதுபட அடையாளம் சொல்கிறாள்.

தினமும் காலையில் துணி காயப்போடும்போது அந்தச் சுவர் என் முகத்துக்கு எதிரே நிற்கிறது. ஒன்பது தூர் நீளம். கோணலாக இருந்தாலாவது கொத்தனாரைத் திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது, பாழாய்ப்போனது.